அளவுகோலில் சுரைக்காய்

அத்தியாயம் 9

குளவிக்கூட்டைப் பார்த்ததும் பவளம் சிரித்தாள். அண்ணன் கங்கப்பன் செத்துப் பன்னிரண்டு நாளாகிறது. அதற்குப் பிறகு அவள் சிரிப்பது இதுதான் முதல் தடவை. நல்ல சிரிப்பு இல்லை. கசாப்புக் கடைக்காரன் கத்தியின் முனையை விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சிரிப்பானே, அந்தச் சிரிப்பு.

"அக்கா, இடிஞ்சு விழுற மாதிரி இருக்கு. மேல வாங்க. உங்களுக்கு ஏதாவதுன்னா எனக்குச் சம்பளம் யாரு குடுப்பா?" என்று மேலிருந்து கத்தினான் ஜெகதீஷ்.

"இப்ப மட்டும் ஒழுங்கா வருதா? இறங்கி வாடா."

சிங்கிரிமடு அணைக்கட்டின் மணல்போக்கி மதகு அது. அணைக்கட்டில் மொத்தம் இரண்டு மதகுகள். ஒன்றைத் தூக்கினால் தண்ணீர் இடதுபுறக் கால்வாயில் ஓடி வயலுக்குப் போகும். இன்னொன்றான மணல்போக்கியைத் தூக்கினால் தண்ணீர் ஆற்றோடு போய்விடும். இரண்டுக்கும் காவலாள் கங்கப்பன். லஸ்கர் என்றால்தான் ஊரில் தெரியும்.

ஜெகதீஷ் பின்பக்கமாகத் தொங்கிக்கொண்டே இறங்கினான். தூத்துக்குடிக்காரன். ஓசூரில் ஆறு கம்பெனி மாறி, ஆறிலும் வாய்க்கொழுப்பால் வேலை போய், கடைசியில் பவளத்திடம் வந்து சேர்ந்தவன். வயது முப்பத்து நாலு. நாக்குக்கு மட்டும் பதினேழு.

"இதைப் பாரு" என்றாள் பவளம்.

மதகின் இரும்புப் பலகைக்கும் அது ஏறி இறங்கும் பக்கச் சட்டத்துக்கும் நடுவில், இரண்டையும் பற்றிக்கொண்டு, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மண்கூடு. குளவி கட்டியது. அதன்மேல் ரெட் ஆக்சைடு பெயிண்ட். பலகை, கூடு, சட்டம் மூன்றுக்கும் சேர்த்து ஒரே பூச்சு. மயிரிழை விரிசல்கூட இல்லை.

"பொங்கலுக்கு அண்ணன்தான் பெயிண்ட் அடிச்சான். எனக்குப் போட்டோ அனுப்பியிருந்தான். கூட்டைத் தட்டிவிடச் சோம்பேறித்தனம். அப்படியே அது மேலயே அடிச்சு விட்டிருக்கான்."

ஜெகதீஷ் குனிந்து பார்த்தான். முகத்தில் கேலி போய்விட்டது. "பலகையை ஒரு சாண் தூக்கினாலும் கூடு பொடிப்பொடியா ஆயிருக்கும்."

"ஆமா."

"அப்போ பொங்கலுக்கு அப்புறம் இந்த மதகைத் தூக்கவே இல்லை!"

"அண்ணன் தூக்கல. வேற எவனும் தூக்கல." பவளம் புடவைத் தலைப்பால் கையைத் துடைத்தாள். "தூக்கினான்னு சொல்லித்தான் அடிச்சே கொன்னானுங்க."

நடந்தது இவ்வளவுதான். மேலே கர்நாடகத்து ஏரியிலிருந்து கோடைக்கு ஐந்து நாள் தண்ணீர் விடுவது இரண்டு மாநிலத்துக்கும் உள்ள ஏற்பாடு. எல்லைப் பாலத்துத் தூணில் ஓர் அளவுகோல் இருக்கிறது. காலை எட்டு மணிக்கு அந்தப் பக்கத்து ஆள் ஒருவரும் இந்தப் பக்கத்து ஆள் ஒருவரும் சேர்ந்து நின்று அளவைப் பார்த்து, அளவுப் புத்தகத்தில் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். ஏப்ரல் நாலு முதல் எட்டு வரை ஐந்து நாளும் ஒன்று எண்பத்தைந்து மீட்டர் ஓடியதாகப் புத்தகம் சொல்கிறது. கால்வாயில் சொட்டுத் தண்ணீர் வரவில்லை. தக்காளிச் செடிகள் நின்ற இடத்திலேயே சுண்டிப் போயின. ஒன்பதாம் தேதி, பாசனக்காரர்கள் திரண்டு வந்து அணைமேட்டில் கங்கப்பனைப் பிடித்தார்கள். மணல்போக்கியைத் தூக்கிக் கீழே இருக்கும் கம்பெனிகளுக்குத் தண்ணீரை விற்றுவிட்டானாம். மதகைச் சுற்றும் இரும்புக் கைப்பிடியாலேயே அடித்தார்கள். கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் கிடந்து, இருபதாம் தேதி செத்தான். போலீஸ் வழக்கில் 'அடையாளம் தெரியாத நபர்கள்' என்று இருக்கிறது. ஊரில் கேட்டால், அன்றைக்கு ஊரே கல்யாணத்துக்குப் போயிருந்ததாம்.

சாமல்பட்டிப் பக்கம் கல்குவாரியில் அண்ணனும் தங்கையும் ஜல்லி உடைத்து வளர்ந்தவர்கள். அவள் விரலில் சுத்தியல் விழாமலிருக்கத் தன் விரலை வைத்துக் கல்லைப் பிடித்தவன் அவன். இடது கையில் இரண்டு நகம் கடைசிவரை முளைக்கவில்லை. அவனுக்கு லஸ்கர் வேலை கிடைத்தது. அவள் ஓசூரில் ஒரு கம்பெனி கேட்டில் பதினாலு வருஷம் பெண்களின் பையைச் சோதித்தாள். பையைப் பார்த்தே ஆளைப் படித்துவிடும் பழக்கம் அங்கேதான் வந்தது. பிறகு பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் டயர் கடை மாடியில் 'பவளம் துப்பறியும் நிலையம்' என்று பலகை மாட்டினாள்.

அந்த மாடிக்குத்தான் போன வாரம் அன்புமணி ஏறி வந்தார். இடதுபுறக் கால்வாய்ப் பாசனச் சங்கத் தலைவர். வெள்ளைச் சட்டை. "தண்ணிய எந்தக் கம்பெனிக்கு வித்தான்னு மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க மேடம். அவன் திருடன்னு நிரூபணம் ஆயிட்டா, எங்க பசங்க மேல கேஸ் நிக்காதுன்னு வக்கீல் சொல்றாரு" என்றார்.

யாருடைய தங்கையிடம் வந்து யாரைத் திருடன் என்கிறோம் என்று அவருக்குத் தெரியாது. பவளம் சொல்லவும் இல்லை. டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினாள். அந்த டம்ளரைக் கழுவவில்லை, தூக்கிக் குப்பையில் போட்டாள்.

"இப்ப என்னக்கா? கூட்டைப் போட்டோ பிடிச்சாச்சு. ஸ்டேஷனுக்குத்தானே?" என்றான் ஜெகதீஷ்.

"மதகைத் தூக்கல. சரி. அப்போ அஞ்சு நாள் வந்த தண்ணி எங்கடா?"

"ஆவியாப் போயிருக்கும். வெயில் அப்படி."

"தண்ணி வந்துச்சுன்னு சொன்னது யாரு?"

"அளவுப் புத்தகம்."

"புத்தகம் தானா எழுதிக்குமா? வண்டிய எடு."

*

எல்லைப் பாலம் அங்கிருந்து ஆறு கிலோமீட்டர். ஆறு அவ்வளவு தூரமும் பாறை இடுக்கிலும் தொழிற்பேட்டைச் சுவர்களுக்குப் பின்னாலும் வருகிறது. நாற்றத்துக்குப் பயந்து யாரும் இறங்கிப் பார்ப்பதில்லை. பாலத்தடியில் நடு ஆற்றில் ஒரு வாய்க்கால் அளவுக்குக் கறுப்புத் தண்ணீர், அதன்மேல் சோப்பு நுரை. மற்றதெல்லாம் காய்ந்த மணல்.

மூன்றாவது தூணில்தான் அளவுகோல் இருக்க வேண்டும். காணவில்லை.

"அளவுகோலையே திருடிட்டானுங்களா? எங்க ஊர்ல கப்பல் நங்கூரத்தைத் திருடுவான். அதைவிடக் கேவலமா இருக்கே!" என்றான் ஜெகதீஷ்.

பவளம் தூணை நோக்கி நடந்தாள். தூணடியில் ஒரு கொடி. அது தூணில் ஆணியடித்த நீளத் தகட்டைச் சுற்றிச் சுற்றி ஆளுயரத்துக்கு மேல் ஏறியிருந்தது. இலையை விலக்கினாள். கறுப்பு, வெள்ளைக் கோடுகள். 0.8. 0.9. ஒரு மீட்டர் கோட்டுக்கு நேராக, முழங்கை நீளத்தில் ஒரு சுரைக்காய் தொங்கிக்கொண்டிருந்தது.

ஜெகதீஷ் குனிந்து காயையும் கோட்டையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு சொன்னான்: "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதும்பாங்க. இது கறிச் சுரைக்காய். ஏட்டுக்கு உதவுதேக்கா!"

"ஏய்! எவுரு அது? காய் மேல கை வெச்சா கைய ஒடிச்சிடுவேன்!"

பாலத்துச் சரிவிலிருந்து ஓர் அம்மாள் மண்வெட்டியோடு இறங்கி வந்தார். சரோஜம்மாள். வாயில் தெலுங்கும் தமிழும் கன்னடமும் சண்டை போட்டுக்கொண்டு வரும்.

"பறிக்கலம்மா. நீங்க போட்ட கொடியா? எப்போ போட்டீங்க?" என்றாள் பவளம்.

"சிவராத்திரிக்கு மறுநாள் விதை ஊனினேன். கம்பெனி கேன்டீனுக்கு வாரம் பத்துக் காய் குடுக்கறேன். ஏம்மா, கவர்மெண்டா நீங்க?"

"இல்லம்மா. சிவராத்திரிக்கு அப்புறம் இங்க தண்ணி வந்துச்சா? ஏப்ரல் முதல்ல, அஞ்சு நாள்?"

"தண்ணியா?" சரோஜம்மாள் மண்வெட்டியை ஊன்றி நின்று சிரித்தார். "நான் குடத்துல சுமந்து ஊத்தறேன் தாயி. தண்ணி வந்தா கொடி இருக்குமா? வருசா வருசம் வரும், வேரோட அடிச்சுக்கினு போகும். இந்த வருசம் மேல ஏரிக்கரை ஒடஞ்சுபோச்சு, தண்ணி விடறது லேதுன்னு அந்தப் பக்கத்து ஆளே சொன்னான். அதனாலதான் கொடி நிக்குது."

"ஒருவேளை ஒண்ணு எண்பத்தஞ்சு மீட்டர் தண்ணியில சுரைக்காய் நீந்தியிருக்கலாம்க்கா. சுரைக்குடுக்கையைக் கட்டிக்கிட்டுத்தானே நான் நீச்சல் பழகினேன்" என்றான் ஜெகதீஷ்.

பவளத்துக்கு அது காதில் விழவில்லை. "நம்ம பக்கத்துல இருந்து அளவு பாக்க ஆள் வருவாரே, சிவராஜுன்னு. அவரு வந்தாரா?"

"அவனா? வந்திருந்தா மொதல்ல என் கொடியப் பிடுங்கியிருப்பான். போன வருசம் வெள்ளரி போட்டேன், காலால மிதிச்சிட்டுப் போனான். இந்த வருசம் ஆளே காணோம். நிம்மதியா இருக்கறேன்."

பவளம் கொடியைத் தொடவில்லை. எட்டி நின்று, கிட்டே போய், காயையும் கோட்டையும் சேர்த்து என்று படம் எடுக்கச் சொன்னாள். சரோஜம்மாளிடம் கூடையிலிருந்த வேறொரு சுரைக்காயை வாங்கிக்கொண்டாள். "நாலு நாளைக்கு இந்தக் கொடிய யாரையும் தொட விடாதீங்கம்மா. உங்களத் தேடிப் போலீஸ் வரும். எங்கிட்ட சொன்னதையே சொல்லுங்க."

"போலீஸ் கிட்ட நிஜம் சொன்னா கொடிய விட்டுடுவாங்களா?"

"விடுவாங்க."

"அப்போ சொல்றேன்."

வண்டிக்கு வந்ததும் பவளம் மூன்று போன் செய்தாள். முதலாவது சிவராஜுக்கு: "சங்கத்துக்காக விசாரிக்கிறேங்க. அளவுப் புத்தகத்தோட நாலு மணிக்கு அணைக்கு வாங்க. ஒரு கையெழுத்து வேணும்." இரண்டாவது, ஜெகதீஷை விட்டுத் தள்ளிப் போய் நின்று, பத்து நிமிஷம் மெதுவாகப் பேசியது. மூன்றாவது அன்புமணிக்கு.

"தலைவரே, ஆள் சிக்கிட்டான். யாரால உங்க செடி செத்துச்சோ அவன் அணைமேட்டுல இருப்பான். நாலரைக்கு வாங்க. அன்னைக்கு வந்தவங்க எல்லாரையும் கூட்டிக்கினு வாங்க. ஒருத்தர் விடாம."

ஜெகதீஷ் சாவியைத் திருகாமல் நின்றான். "அக்கா. அவனுக கைக்கு இன்னொருத்தனைக் கொடுக்கப் போறீங்களா?"

"பொய் சொன்னது யாரு?"

"சிவராஜ்தான். அதுக்காக..."

"எங்கண்ணன் நெஞ்சுல எத்தனை எலும்பு ஒடஞ்சு இருந்துச்சு தெரியுமா? டாக்டர் எக்ஸ்ரேயில காட்டினாரு. நான் எண்ணலை. வண்டிய எடுறா."

வழியெல்லாம் அவன் ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை.

*

சிவராஜ் சரியாக நாலு மணிக்கு வந்தான். நாற்பது வயது. இஸ்திரி மடிப்பு கலையாத பேண்ட். அணைமேட்டில், மதகு சுற்றும் மேடைமேல், அளவுப் புத்தகத்தை விரித்தான். பவளம் அதன்மேல் சுரைக்காயை வைத்தாள்.

"என்ன மேடம் இது?"

"இதோட அக்கா ஒருத்தி ஒரு மீட்டர் கோட்டுல தொங்கறா. எல்லைப் பாலத்துல, மூணாவது தூண்ல. பாக்கறீங்களா?" போனை நீட்டினாள்.

சிவராஜ் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். "இது... இப்ப முளைச்சிருக்கும் மேடம்."

"மே மாசம் ரெண்டாம் தேதி ஆகுது. ஒரு மாசத்துல ஆளுயரம் ஏறிக் காயும் காய்ச்சிருச்சா? அப்படிப்பட்ட விதை எங்க கிடைக்குதுன்னு சொல்லுங்க சார், நான் கம்பெனியே வெச்சிடுதேன்" என்றான் ஜெகதீஷ்.

"நீ போகவே இல்ல" என்றாள் பவளம். 'நீங்க' போய்விட்டதை சிவராஜ் கவனித்தான். "அஞ்சு நாளும் போகல. போயிருந்தா கொடி இருக்காது. சொல்லு."

அவன் மேடையிலேயே உட்கார்ந்துவிட்டான். "நாங்க முறை வெச்சுக்கினோம் மேடம். தண்ணி விடற நாள்ல தினமும் ரெண்டு பேரும் எதுக்கு அலையணும்னு, ஒரு வருசம் அந்தப் பக்கத்து ஆளு, ஒரு வருசம் நானு. போறவர் ரெண்டு பேருக்கும் எழுதுவாரு. இந்த வருசம் அவரு முறை. ஏரி ஒடஞ்சு தண்ணி விடலைன்னு அவருக்குத் தெரியும், அதனால அவர் போகல. எனக்கு அவர் சொல்லல. அவர் போயிருப்பாருன்னு நான் நினைச்சேன். மேலிடத்துல புத்தகம் கேட்டாங்க. போன வருச நம்பரைப் பாத்து எழுதிட்டேன். அவரும் வழக்கம்போலப் பாக்காமக் கையெழுத்துப் போட்டுட்டாரு."

"அதுல கங்கப்பன் எங்க வந்தான்?"

"அன்புமணி ஆபீசுக்கு வந்து சட்டையப் பிடிச்சாரு. தண்ணி வந்துச்சா இல்லையாடான்னாரு. வந்துச்சுன்னு எழுதியாச்சே. வந்த தண்ணி எங்கடான்னாரு. வேலை போயிடும்னு பயம். வாயில கங்கப்பன் பேரு வந்துச்சு. திட்டுவாங்க, மாத்தல் வரும், அவ்ளோதான்னு நினைச்சேன். சத்தியமா அடிப்பாங்கன்னு நினைக்கல மேடம்."

வாயில வந்துச்சு. பவளம் அந்தச் சொல்லையே மென்றாள். தக்காளியும் ராகியும் விளையும் மண்ணில், வாயில் வந்த ஒரு பேருக்காக ஒரு மனிதன் செத்திருக்கிறான். அவள் கை அங்கே கிடந்த இரும்புக் கைப்பிடியின் பக்கம் போனது. புதிய கைப்பிடி அது. பழையதைப் போலீஸ் எடுத்துப் போய்விட்டது. ஜெகதீஷ் மெதுவாக அவளுக்கும் கைப்பிடிக்கும் நடுவில் வந்து நின்றான்.

அணைமேட்டுப் பாதையில் புழுதி எழும்பியது. ஒரு டிராக்டர், பின்னால் ஏழெட்டு பைக்.

சிவராஜ் எழுந்தான். "யாரு மேடம் அது?" அவர்களைக் கண்டதும் ஓடப் பார்த்தான். ஒருபக்கம் கூட்டம், மறுபக்கம் நுரை மிதக்கும் மடு. "அம்மா, என்னை ஸ்டேஷன்ல விட்டுடும்மா. கால்ல விழறேன். கொன்னுடுவாங்கம்மா."

"அன்னைக்கு எங்க நின்னு பாத்தே?"

"அந்த... அந்தப் புங்கமரத்தடியில."

"இன்னைக்கு இங்க நில்லு."

அன்புமணி முன்னால் வந்தார். பின்னால் பதினைந்துக்கும் மேல் ஆட்கள். "எவன் மேடம்? எந்தக் கம்பெனிக்காரன்?"

பவளம் இருபது வார்த்தையில் சொல்லி முடித்தாள். தண்ணீரே வரவில்லை. வந்ததென்று பொய் எழுதியவன் இவன். தப்பிக்கக் கங்கப்பன் பேரைச் சொன்னவனும் இவன். மதகைப் போய்ப் பாருங்கள், கூடு முழுசாக இருக்கிறது. இரண்டு பேர் இறங்கிப் பார்த்துவிட்டு ஏறி வந்தார்கள். அவர்கள் முகமே போதுமானதாக இருந்தது.

பேசாமல் அவள் இரண்டடி ஒதுங்கி நின்றாள். சிவராஜுக்கும் கூட்டத்துக்கும் நடுவில் இப்போது ஒன்றுமில்லை.

"அடப் பாவி!" வெடித்தது ஒரு குரல். பச்சைத் துண்டுக்காரன். "உன் பேச்சைக் கேட்டுத்தானடா நான் அந்த மனுசன் கால முறிச்சேன்! கும்பிட்டானேடா, நான் விடலையேடா!"

"நான் கையப் பின்னால பிடிச்சுக்கினேன்டா! அவன் தண்ணி கேட்டான்டா!" என்றான் இன்னொருத்தன்.

"நானு கல்லால... ஐயோ, நானுதான் நெஞ்சுல..."

இருபத்து மூன்று நாள் ஊமையாக இருந்த வாய்கள் ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு திறந்தன. தன் பாவத்தை எவ்வளவு பெரிதாகச் சொல்கிறானோ அவ்வளவுக்குச் சிவராஜை அடிக்க உரிமை என்று ஒவ்வொருவனும் நினைத்தான் போலிருக்கிறது. கடைசியில் அன்புமணியே வெள்ளைச் சட்டையின் கையை மடித்துக்கொண்டு முன்னால் பாய்ந்தார். "கைப்பிடிய எடுத்து மொத அடி அடிச்சது நான்டா! ஒரு நல்லவன் மண்டைய என் கையால ஒடைக்க வெச்சிட்டியேடா நாயே!"

மடக்கிய கை சிவராஜின் தாடைக்கு ஒரு சாண் தூரம் வந்தபோது விசில் ஒலித்தது.

மேடைக்குப் பின்னால், கங்கப்பன் குடியிருந்த லஸ்கர் குடிலின் கதவு திறந்தது. சப்-இன்ஸ்பெக்டர் சத்யப்ரியா முதலில் வந்தார். பின்னால் வரிசையாகப் போலீஸ்காரர்கள். பாதையின் கீழ்முனையில் ஒரு வேன் குறுக்கே வந்து நின்றது.

"அடையாளம் தெரியாத நபர்கள் எல்லாரும் அப்படியே நில்லுங்க" என்றார் சத்யப்ரியா. "அடையாளம் தெரிஞ்சிருச்சு."

ஜெகதீஷ் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, ஓடிக்கொண்டிருந்த ரெக்கார்டிங்கை நிறுத்தினான். "சொல்லியிருக்கலாம்லக்கா. வழியெல்லாம் உங்களத் தப்பா நினைச்சுக்கிட்டே வந்தேன்."

"சொல்லியிருந்தா உன் மூஞ்சி காட்டிக் குடுத்திருக்கும்."

சிவராஜையும் சேர்த்தே வண்டியில் ஏற்றினார்கள். பொய்ப் பதிவுக்கு ஒரு வழக்கு. அவன் தனக்கு விலங்கு மாட்டியவருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தான். மற்றவர்கள் தலை குனிந்து போனார்கள். பச்சைத் துண்டுக்காரன் அழுதான். பவளம் ஒவ்வொரு முகத்தையும் பார்த்தாள், கேட்டில் பையைப் பார்ப்பது போல, அவசரப்படாமல், அடிவரைக்கும்.

கடைசியாக அன்புமணி. வண்டிப் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பினார். மடித்த சட்டைக்கை இன்னும் இறங்கவில்லை.

"உங்களுக்கு இந்தக் கேசைக் குடுத்ததே நாந்தானே மேடம். எனக்கே இப்படிப் பண்ணலாமா? யாருங்க நீங்க?"

"சாமல்பட்டி. கங்கப்பன் கூடப் பிறந்தவ."

அவர் கண் ஒருமுறை குடிலின் கதவுக்குப் போய் வந்தது. பிறகு இரண்டு கையையும் கூப்பினார். "தெரியாமப் பண்ணிட்டோம். மன்னிச்சிடு தங்கச்சி."

பவளம் கிட்டே போனாள். மிகவும் கிட்டே.

"என்னைத் தங்கச்சின்னு கூப்பிட ஒரே ஒரு வாய்தான் இருந்துச்சு" என்றாள். "அதுல மண்ணப் போட்டுட்டு நீ கூப்பிடறியா? ஏறுடா வண்டியில."